ஜீப்பில் ஏறாதவள்

‘ஜெய் பீம்’ படத்தில் மறக்க முடியாத காட்சி எது என்று கேட்டால் பலர் லாக்கப்பைச் சொல்வார்கள். சிலர் நீதிமன்றத்தைச் சொல்வார்கள். நிறையப் பேர், கடைசியில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளை விரிக்கிற அந்தச் சிறுமியைச் சொல்வார்கள். நான் எழுதப்போவது வேறொரு காட்சி. அதில் சூர்யா இல்லை, நீதிபதி இல்லை, வசனமும் அதிகம் இல்லை. ஒரு பெண் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்து போகிறாள். பின்னால் போலீஸ் ஜீப் ஊர்ந்து வருகிறது. அவ்வளவுதான்.

படம் 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் வந்தது. இப்போது கல்லூரியில் சேரும் தம்பி தங்கைகள் அப்போது பள்ளியில் இருந்திருப்பார்கள். அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கேணி இருளர் சமூகத்துப் பெண். கணவன் ராசாக்கண்ணுவைப் பொய்யான திருட்டு வழக்கில் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. பிறகு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்கிறது. வயிற்றில் பிள்ளையோடு கணவனைத் தேடி அலைகிறவள் சென்னையில் சந்துரு என்ற வழக்கறிஞரிடம் போய்ச் சேர்கிறாள். ஆட்கொணர்வு மனு போடப்படுகிறது. வழக்கு நடக்கிற நேரத்தில் செங்கேணியையும் மகளையும் மிரட்டுவதற்காகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். செய்தி வெளியே போய்விடுகிறது. மேலதிகாரியிடமிருந்து நிலையத்துக்குப் போன் வருகிறது: அந்தப் பெண்ணை மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா.

இப்போது ஜீப் தயாராக நிற்கிறது. அவள் ஏறமாட்டேன் என்கிறாள். நடக்கத் தொடங்குகிறாள். வீட்டில் விடச் சொல்லி உத்தரவு வந்திருப்பதால் போலீசால் அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பிடித்து ஏற்றவும் முடியாது. ஏறும்மா, ஏறும்மா என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் வருகிறார்கள். அரசாங்க வண்டி முதல் கியரில், ஒரு இருளர் பெண்ணின் நடை வேகத்தில் போகிறது.

தமிழ் சினிமாவில் ஒரு பெண் உறுதியானவள் என்று காட்ட வேண்டுமானால் என்னென்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வில்லன் கன்னத்தில் ஒரு அறை விடுவாள். நீளமாக ஒரு வசனம் பேசுவாள். பின்னால் வயலின் கூட்டம் எழும். அல்லது கண்ணகி போலத் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். இந்தக் காட்சியில் அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு வசதி தரப்படுகிறது, அதை வேண்டாம் என்கிறாள். யாரையும் திட்டவில்லை, சபிக்கவில்லை. அவள் இதுவரை இந்த ஜீப்பை எப்படிப் பார்த்தவள் என்பது நமக்குத் தெரியும் என்பதால் இயக்குநர் த.செ. ஞானவேல் அதை விளக்கிச் சொல்லவும் இல்லை. லிஜோமோள் ஜோஸ் கேரளத்துக்காரர். நிறத்தைக் கூட்டி நடிக்க வைப்பதற்குப் பதில் நம் பிள்ளைகளில் ஒருத்தியைத் தேடியிருக்கலாமே என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த நடையில் குறை சொல்ல முடியாது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண் நடக்கிற மாதிரி நடக்கிறார்.

சுயமரியாதை என்று ஒரே வார்த்தையில் இந்தக் காட்சியைச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதினார்கள். சரிதான். ஆனால் ஜீப் என்பது சேரிக்குள் என்ன பொருள் தரும் என்று தெரிந்தவர்களுக்கு அதில் இன்னொன்றும் தெரியும். அதைச் சொல்ல என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், அத்தை மகனை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குடியானவர் ஒருத்தர் வீட்டு போர் மோட்டாரில் செம்புக் காயில் காணாமல் போய்விட்டது. காயில் போனால் முதலில் காலனிக்குத்தான் வருவார்கள், அது எங்கள் பக்கத்து வழக்கம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அத்தை இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. சும்மா உட்காரவிடவில்லை. விளக்குமாற்றைக் கொடுத்து வளாகத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டியது. தண்ணீர் எடுத்து ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியது. இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் சங்கத் தோழர் ஒருவர் மன்னார்குடியில் ஒரு வக்கீலைப் பிடித்து, வக்கீல் போன் செய்து பேசியிருக்கிறார். அதுவரை ‘ஏய்’ என்று கூப்பிட்டவர்கள் ‘ஏம்மா’ என்றார்களாம். பையனைக் காலையில் விட்டுவிடுவோம், நீ வீட்டுக்குப் போ, கடைசி பஸ் போயிருக்கும், ஜீப் அந்தப் பக்கம்தான் போகுது, ஏறிக்க.

அத்தை ஏறியது. ஒன்பது கிலோமீட்டர். சம்பா நடவு முடிந்த நேரம், சேற்றுப்புண் ஆறாத கால், இரண்டு நாளாகச் சோறு இல்லை. வேறு என்ன செய்யும்?

ஜீப் விளக்குப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். வயசுப் பையன்கள் கொல்லைப்பக்கமாக வாய்க்காலுக்கு ஓடினார்கள். ஜீப்பிலிருந்து அத்தை இறங்கியது. மறுநாள் பையனும் வந்துவிட்டான், வழக்கு இல்லை. ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. எதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்தா? எவன் பேரைச் சொல்லிட்டு வந்தா? அடுத்த மாதம் அதே காயிலுக்காக இன்னொரு வீட்டுப் பையனைக் கொண்டுபோனபோது அந்தப் பேச்சு உறுதியாகிவிட்டது. அத்தை யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதற்கு எதுவும் தெரியாது. ஆனாலும் ஏழெட்டு வருஷம் அந்த ஜீப் அதன் முதுகிலேயே இருந்தது.

சேரிக்குள் ஜீப் வருவதற்கு மூன்றே காரணம்தான். ஆளைப் பிடிக்க வரும், ஆளைக் காட்டிக்கொடுத்தவனைக் கூட்டிக்கொண்டு வரும், சமாதானம் பேச வரும். நான்காவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. செங்கேணி அந்த ஜீப்பில் போய்த் தன் குடியிருப்பில் இறங்கியிருந்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கதை முடிந்திருக்கும். பேசி முடித்துவிட்டார்கள், வழக்கை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று அவளுடைய சொந்தக்காரர்களே நினைத்திருப்பார்கள். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பின்வாங்கியிருப்பார்கள். அவள் நடப்பது போலீசுக்குக் காட்டுவதற்கு மட்டுமில்லை. தன் சனங்களுக்குத் தான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்று காட்டுவதற்கும்தான். வழக்கை நடத்துகிற மூளை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்பதை நீதிமன்றக் காட்சிகளைவிட இந்த ரோடு எனக்கு நன்றாகக் காட்டியது.

படத்தை அத்தைக்கு என் போனில்தான் போட்டுக் காட்டினேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. லாக்கப் காட்சிகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தக் காட்சி வந்ததும் போனைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தது. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டது: “ஏறக் கூடாதுன்னு எப்புடிடா தெரிஞ்சிச்சு இவளுக்கு?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அதைப் பற்றித்தான் மீதியை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நம் டெல்டாவுக்குத் தமிழ் சினிமாவில் ஒரு புகழ்பெற்ற உறுதிக்காரி ஏற்கெனவே இருக்கிறாள். ‘தில்லானா மோகனாம்பாள்’ மோகனா. தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தன் ஆட்டத்தைப் பார்க்கிற சிக்கல் சண்முகசுந்தரத்தை, ஆடிக்கொண்டே, ஊர் பார்க்க, ஏன் ஒளிந்து பார்க்கிறாய் என்று பாட்டில் கேட்கிறாளே, அது எனக்கும் பிடித்த காட்சிதான். மைனரும் மகாராஜாவும் பணத்தைக் காட்டுகிறபோது முடியாது என்று நிற்கிறாள். அம்மாவும் பாட்டியும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷம் பாட்டுக்காக மட்டும் இருக்காது. மிராசுக்கு முடியாது என்று சொன்ன ஒருத்தியைத் திரையில் பார்த்த சந்தோஷமும் அதில் உண்டு. ஆனால் மோகனாவின் டெல்டாவில் வயல் இல்லை. கோயில் இருக்கிறது, ரயில் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, நாற்று முடியைச் சுமக்கிற பெண் ஒருத்திகூட இல்லை. அந்தப் படம் வந்தது 1968 ஜூலையில். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் நம் ஆட்கள் 44 பேர் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சிக்கலிலிருந்து வெண்மணி அதிக தூரமில்லை.

வெண்மணியைச் சும்மா இழுக்கவில்லை. செங்கேணி ஜீப்பில் ஏற மறுத்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கின் தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. கீழ் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலரைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை நீங்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் வைத்திருக்கிற பணக்காரர்கள், முதல் எதிரி கார் வைத்திருக்கிறவர், அப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். இதுதான் அதன் சாரம்.

கார் வைத்திருப்பவன் நடக்கமாட்டான். நடக்காதவன் குற்றவாளியாக இருக்கமாட்டான். காருக்கு இப்படி ஒரு சாட்சி மதிப்பு இந்த மண்ணில் கிடைத்திருக்கிறது. அந்த வயல்களுக்குத் தினமும் நடந்தே போய் நடவு நட்டு, நடந்தே வந்து, கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக எரிக்கப்பட்ட பெண்களின் நடைக்கு எந்த மதிப்பும் கிடைக்கவில்லை.

டெல்டாவில் யார் எங்கே எப்படி நடப்பது என்பதே ஒரு நூற்றாண்டுச் சண்டை. குடியானத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் என் தாத்தா. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். பண்ணையாளாக இருந்தவர்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் வந்து சங்கம் கட்டி, 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்தக் கொடுமைகளை நிறுத்துவதாக மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். ஆனால் போலீஸ் ஜீப்பைக் கண்டால் உடல் தானாகக் குறுகுவது அவர்களோடு போய்விடவில்லை. அதனால்தான் ஒரு பெண் ஜீப்பைப் பின்னால் வரவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள் என்றால் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

இனி அத்தையின் கேள்வி. ஏறக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

படத்தின் மூலக்கதை உண்மையில் நடந்தது. 1993 மார்ச்சில், அன்றைய தென்னார்க்காட்டில், விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமம். ராசாக்கண்ணுவும் அவர் மனைவி பார்வதியும் குறவர் சமூகம். படத்தில் இருளராக மாற்றிவிட்டார்கள். குறவர் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டது நியாயம்தான் என்பது என் கருத்து. அறுப்பு வேலைக்குப் போன இடத்தில் நகை திருடு போனது. பழி இவர்கள் மேல் விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்கள். உடல் மீன்சுருட்டிப் பகுதியில் கிடந்தது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்துகள் அணைக்கரைப் பாலம் தாண்டி அந்த மீன்சுருட்டி வழியாகத்தான் போகின்றன. நாம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்து போகிற ஊர். பார்வதி கம்யூனிஸ்ட் தோழர்களின் துணையோடு சென்னைக்குப் போய், அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துருவைச் சந்தித்தார். உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது 2006-இல். பதின்மூன்று வருஷம். படம் அதைச் சில மாதங்கள் போலக் காட்டிவிடுகிறது. சினிமாவுக்கு அது தேவைதான். ஆனால் முதனையிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். பதின்மூன்று வருஷத்தில் எத்தனை பஸ், எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணின் உறுதி எவ்வளவு பெரியது என்று தெரியும். படம் வந்த பிறகு சூர்யா பார்வதியின் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டார். நல்ல காரியம். வழக்கில் ஜெயித்த பெண்ணுக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு நடிகர் உதவ வேண்டிய நிலைமை ஏன் இருந்தது என்று அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

செங்கேணிக்கு ஏறக் கூடாது என்று தெரிந்ததற்குக் காரணம் அவள் பிறவியிலேயே வீராங்கனை என்பது கிடையாது. அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். அவள் மறுப்பதற்கு முன்னால் ஒரு போன் வருகிறது. அந்தப் போனுக்கு முன்னால், அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அறிவொளி டீச்சர், வழக்கறிஞர், தோழர்கள் என்று ஒரு வரிசையே அவளுக்குப் பின்னால் நிற்கிறது. மறுத்தால் என்ன ஆகும் என்ற பயம் முதல் தடவையாக அவளுக்குக் குறைந்திருக்கிறது. அப்படிக் குறைந்த உடனே அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் அவள் குணம் தெரிகிறது. வேறொருத்தியாக இருந்தால் ‘அப்பாடா’ என்று ஏறியிருப்பாள். இவள் அந்த இடைவெளி கிடைத்த நிமிஷமே அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறாள்.

என் அத்தைக்கும் ஒரு போன் வந்தது. ஆனால் அந்தப் போன் பையனை வெளியே கொண்டுவர மட்டும் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை வரை அவன் அவர்கள் கையில்தான் இருந்தான். ஜீப்பில் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த ராத்திரி உள்ளே அவனுக்கு என்ன நடந்திருக்கும்? அத்தை ஏறியதும் உறுதிதான் என்று நான் நினைக்கிறேன். தெரு பேசுவதை ஏழெட்டு வருஷம் தாங்கிக்கொண்டு, அதே தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடித்துவிட்டு வந்தது. சினிமா அதைக் காட்டமுடியாது, காட்டினாலும் யாரும் விசிலடிக்கமாட்டார்கள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வன்கொடுமை வழக்குகளில் களத்துக்கு வருகிற நம் இளைஞர்களிடம் சமீப காலமாக ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். புகார் கொடுத்த குடும்பம் சமாதானத்துக்குப் போய்விட்டால் கோபப்படுகிறார்கள். “இவங்களுக்காக நாம அலைஞ்சோம், இவங்க காசை வாங்கிட்டுப் போய்ட்டாங்க” என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுகிறார்கள். போன அறுப்பு சமயத்தில் ஒரு தம்பி, பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்துக்கு நேராகவே, “செங்கேணியப் பாத்தீங்கல்ல அக்கா?” என்று கேட்டுவிட்டான். படத்தில் டிஜிபி கொடுக்க வந்த பணத்தை வேண்டாம் என்று சொன்னாளே, அதைச் சொல்கிறான். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேலை செய்கிற வயல் எதிரியின் பங்காளிக்குச் சொந்தம். அவர் வீட்டுக்குப் போகிற பாதை எதிரியின் களத்தை ஒட்டிப் போகிறது. ரேஷன் கடைக்கும் அதே வழி. நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். செங்கேணி அந்தப் பணத்தை மறுக்கிறபோது சொல்கிற காரணம், அப்பாவைக் கொன்றவர்கள் கொடுத்த காசில் சாப்பிடுகிறோம் என்று நாளைக்குப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன் என்பது. அது ஒரு தாயின் மனசாட்சி. அதை எடுத்து இன்னொரு தாயை அடிக்கிற கம்பாக ஆக்குவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்தத் தம்பி நல்லவன். அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். இந்த அக்கா முதல் வாய்தாவுக்குப் போய்வந்த பஸ் காசை யார் கொடுத்தது? அவனுக்குத் தெரியவில்லை. அக்காவேதான் கொடுத்திருக்கிறார்.

அதை அவர் கொடுத்திருக்கவே கூடாது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் விதி 11 என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்திருப்பவர், சாட்சி ஆகியோர் விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ போய்வர ஆகும் பயணச் செலவை அரசு தர வேண்டும். தினப்படியும், போன நாளுக்கான பராமரிப்புச் செலவும் உண்டு. பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ பெண்ணாக இருந்தால், அவர் விரும்புகிற ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தத் துணைக்கும் செலவு தர வேண்டும். உடனடியாக, அல்லது மூன்று நாளுக்குள். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டபோது 15ஏ என்ற பிரிவின் மூலம் இதெல்லாம் சட்டத்துக்குள்ளேயே உரிமையாக வந்துவிட்டது. பாதுகாப்பும் அதில் அடங்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விசாரணை என்ற பெயரில் ஒரு பெண்ணை அவர் வசிக்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 160-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 179. என் அத்தையைப் புங்கமரத்தடியில் உட்கார வைத்துக் கூட்டச் சொன்னபோதும் அந்தப் பழைய சட்டம் இருந்தது. செங்கேணியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோதும் இருந்தது. அந்த ஜீப் அவளை வீட்டிலிருந்து தூக்கியதே சட்டவிரோதம். பிறகு அதே ஜீப்பில் ஏறிக்கொள் என்பது கருணை மாதிரி வருகிறது.

அரசாங்கம் ஜீப்பில் இடம் கொடுத்தால் அது தயவு. பஸ் காசு கொடுத்தால் அது உரிமை. தயவை வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குக் கைகொடுப்பது அந்த உரிமைதான். எண்பது ரூபாய், நூறு ரூபாய் என்று சின்னத் தொகையாக இருப்பதால் நாம் அதை விட்டுவிடுகிறோம். வாய்தாவுக்கு வாய்தா அந்தச் சின்னத் தொகைகள் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தைச் சமாதானத்துக்குத் தள்ளுகின்றன. எதிரித் தரப்பு ஆள் வந்து “எதுக்கும்மா வீணா அலையிற?” என்று கேட்கும்போது, அந்த அலைச்சல் என்ற வார்த்தைக்குள் பஸ் காசும் போன கூலியும் இருக்கின்றன.

அந்த அக்காவுக்காக அந்தத் தம்பியே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான். இதுவரை போய்வந்த நான்கு தடவைக்கும் தேதி போட்டு, துணைக்கு வந்த அவர் தங்கச்சிக்கும் சேர்த்து, பஸ் டிக்கெட் இருந்த இரண்டு நாளுக்கு டிக்கெட்டை ஒட்டி, இல்லாத நாளுக்கு நீதிமன்றத்தில் ஆஜரானதற்கான சான்றை வைத்துக் கொடுத்தான். முதல் தடவை, இப்படி ஒரு விதி இல்லை என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். விதியின் நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். வாங்கிக்கொண்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறோம். சமாதானம் பேச வந்தவர்களிடம் அக்கா, “பணம் வரட்டும், பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பணம் என்று அவர்களுக்குப் புரியவில்லையாம்.

உங்கள் பகுதியில் வழக்கு நடந்துகொண்டிருக்கிற குடும்பம் இருந்தால், அடுத்த வாய்தாவுக்கு முன்னால் போய் இதைக் கேளுங்கள். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.